குளிர்காலத்து மாவும் மனநல அவுட்டோரும்

கொல்கத்தாவில் ஜனவரி மாதம் இட்லி மாவு லேசில் பொங்காது. மே மாதத்தில் காலை ஆறு மணிக்கு அரைத்து வைத்தால் பகலுக்குள் பாத்திரத்தை மீறி மேடையில் வழிகிற அதே மாவு, இரவு வெப்பநிலை 12, 13 டிகிரிக்கு இறங்கும் நாட்களில் மறுநாள் காலையிலும் வைத்த மட்டத்திலேயே கிடக்கும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. சிலர் கம்பளியில் சுற்றி வைப்பார்கள். சிலர் 'அவன்' அடுப்பைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைப்பார்கள். அவசரக்காரர்கள் ஒரு சிட்டிகை சோடா உப்பைத் தூவிவிட்டு இட்லித் தட்டை எடுப்பார்கள்.

நாற்பது குளிர்காலம் பார்த்த மாமி ஒருத்தியிடம் கேட்டால் இதில் எதையும் முதலில் சொல்லமாட்டாள். திருப்பிக் கேள்விதான் வரும். "உளுந்து எப்போ வாங்கினதுடி? எத்தனை நேரம் ஊறிச்சு? மிக்ஸியா, கிரைண்டரா? அரைக்கும்போது மாவு சுட்டுதா? தண்ணி நிறைய விட்டுட்டியா? போன வாரம் பொங்கித்தா?" குளிர் ஒரு காரணம், சரி. ஆனால் உளுந்து பழசாக இருந்தால் எத்தனை விளக்கு வைத்தும் பயனில்லை. மிக்ஸிச் சூட்டில் மாவு வெந்துபோயிருந்தால் கம்பளி என்ன செய்யும்?

மனநலப் புறநோயாளி சிகிச்சை எப்படி இயங்குகிறது என்று விளக்க இந்த மாவே போதும். கொல்கத்தாவில் எந்த மொழிக்காரரும் புறநோயாளிப் பிரிவை 'அவுட்டோர்' என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அங்கே மூன்று வேலைகள் நடக்கின்றன. மாமியின் கேள்விகளைப் போன்றது மதிப்பீடு. அவன் விளக்கின் கதகதப்பைப் போன்றது மருந்து. ஊறவைப்பது, அரைப்பது, கரைப்பது என்ற கைப்பழக்கத்தைத் திருத்திக்கொள்வது பேச்சு சிகிச்சை. மாவைப் பொங்க வைப்பது இந்த மூன்றில் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பொங்க வைப்பவை உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வந்த நுண்ணுயிரிகள். மூன்று வேலைகளும் அவற்றுக்கு வழிவிடுகின்றன, அவ்வளவுதான்.

இந்த அவுட்டோர் முறைக்கும் கொல்கத்தாவுக்கும் பழைய உறவு இருக்கிறது. 2024 ஆகஸ்டில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமையால்தான் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியவந்தது. அந்தக் கல்லூரிக்கு கார்மைக்கேல் என்ற பெயர் இருந்த காலத்தில், 1933இல், அங்கே ஒரு மனநல அவுட்டோர் திறக்கப்பட்டது. பொது மருத்துவமனை ஒன்றுக்குள் இந்தியாவில் தொடங்கப்பட்ட முதல் மனநல அவுட்டோர் அது. அதுவரை மனநோய்க்கு மருத்துவமனை என்றால் பெரும்பாலும் அடைத்து வைப்பதுதான். வங்காளத்து நோயாளிகளை ராஞ்சி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். கண் வலிக்கும் காய்ச்சலுக்கும் வந்தவர்கள் நிற்கும் அதே வளாகத்தில் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, சாயங்காலம் வீடு திரும்பலாம் என்ற ஏற்பாடு அன்றைக்குப் புதுசு.

திறந்தவர் கிரீந்திரசேகர் போஸ். எம்.பி. படித்த மருத்துவர், அதற்குப் பிறகு உளவியலும் படித்தவர். 1921இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உள ஒடுக்கம் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்று, அந்த நூலை வியன்னாவில் இருந்த பிராய்டுக்கு அனுப்பிவைத்தார். அதிலிருந்து பதினாறு ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து ஓடியது. 1922இல் பார்சிபாகான் சந்து, 14ஆம் எண் வீட்டில், தன் சொந்த வீட்டிலேயே, இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1940இல் தில்ஜலாவில் மூன்றே படுக்கைகளோடு லும்பினி பார்க் மருத்துவமனை பிறந்தது. இடம் தந்தவர் அண்ணன் ராஜசேகர் போஸ். 'பரசுராம்' என்ற பெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்காளத்தைச் சிரிக்க வைத்தவர்.

கார்மைக்கேலில் அவுட்டோர் திறப்பதற்கு இரண்டே ஆண்டு முன்னால், 1931இல், அதே நகரத்தில் இன்னொன்று நடந்தது. ஆயுர்வேத அறிஞர் கணநாத் சென்னும் டாக்டர் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பித்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இந்த வேர் வேலை செய்கிறது என்பது அவர்கள் சொன்ன சேதி. நாட்டு வைத்தியர்களுக்கு இது பழைய சங்கதி. மேல்நாட்டு மருத்துவம் காது கொடுக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1952இல் ஸ்விட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஐம்பதுகளில் அதை ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிட்ட சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்ததாக டாக்டர்கள் எழுத, மூளையில் செரட்டோனின் போன்ற வேதிப்பொருட்களுக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டோ என்ற கேள்வி கிளம்பியது. இன்றைய மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் அந்தக் கேள்வியின் வழியில் வந்தவை.

ஆக, மாத்திரைக்கான ஒரு வேரும் பேச்சுக்கான ஒரு நாற்காலியும் இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரில் கிடைத்தன. ஆனால் இரண்டையும் வைத்திருந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் கையில் இருந்தது இன்னொருவர் மேசைக்குப் போனதாகத் தெரியவில்லை. இந்தப் பிரிவினை முழுசாக நீங்கிவிட்டது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

இனி உள்ளே போவோம். லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்து நான்கு வயது, வங்கி வேலை, கல்யாணமாகி இங்கே வந்து எட்டு வருஷம். மூன்று மாதமாகத் தூக்கம் விடிகாலை மூன்று மணிக்குக் கலைகிறது. சாப்பாடு இறங்கவில்லை. மார்பு படபடக்கிறது. கூட்டலில் தப்பு வருகிறது. யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. அவர் முதலில் போவது மனநல டாக்டரிடம் இல்லை. கொல்கத்தாவில் பாதி வியாதிகளுக்கு 'கேஸ்', மீதிப் பாதிக்கு 'அம்பல்', அதாவது அமிலத் தொல்லை, என்று பெயர். அந்த ஊர் வழக்கப்படி அவரும் ஆறு வாரம் அமிலத்துக்கு மாத்திரை சாப்பிட்டிருப்பார். மனச்சோர்வு நம் நாட்டில் உடம்பின் வழியாகத்தான் பெரும்பாலும் கதவைத் தட்டுகிறது: தலைவலி, வயிறு, அசதி, உடம்பெல்லாம் வலி. 'பாகலேர் டாக்டர்', அதாவது பைத்தியக்காரர்களின் டாக்டர், வீட்டு வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயமும் ஆறு வாரத்தை மூன்று மாதமாக்கும்.

ஒருவழியாக அவுட்டோருக்கு வருகிறார். அரசு மருத்துவமனை என்றால் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை பக்கத்திலுள்ள மனநல நிறுவனம் ஒன்று. இல்லையென்றால் ஆர்.ஜி. கர், அல்லது கோப்ராவில் பாவ்லவ் மருத்துவமனை. காசு கொடுக்க முடிந்தவர்களுக்குத் தனியார் கிளினிக்குகள்.

மதிப்பீடு தொடங்குகிறது. மூன்று வேலைகளில் மிக முக்கியமானது இதுதான். மிகக் குறைவான நேரம் கிடைப்பதும் இதற்குத்தான். நூறு பேர் வெளியே நிற்கும்போது ஒரு டாக்டர் எத்தனை நிமிடம் தர முடியும்?

நல்ல டாக்டர் ஒருவர் மாமியைப் போலவே பின்னோக்கிப் போவார். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன நடந்தது, இதற்கு முன் இப்படி வந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது இருந்ததா. பிறகு உடம்பு. தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். அதிகமானால் பதற்றம் மாதிரியே படபடக்கும். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், வேறு நோய்க்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு, ஒவ்வொன்றுக்கும் இதே முகம் உண்டு. அதனால்தான் மனசு சரியில்லை என்று போனால் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். இது காசு பிடுங்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு; தைராய்டுச் சோதனையைப் பொறுத்தவரை நான் டாக்டர் பக்கம்.

அடுத்த கேள்வி பலருக்கு விசித்திரமாகப் படும். "எப்பவாவது இதுக்கு நேர்மாறா இருந்ததுண்டா? நாலைந்து நாள் தூக்கமே வேண்டாம்னு, பேச்சு நிக்காம, காசைத் தண்ணியா செலவழிச்சு, எதையும் சாதிச்சுடலாம்னு?" இருந்தது என்றால் விஷயமே மாறிவிடுகிறது. அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால் நோயாளி சோர்விலிருந்து எழுந்து மறுகோடியில் கட்டுக்கடங்காத எழுச்சிக்குப் போய்விடக்கூடும். பழைய உளுந்தைக் குளிர் என்று நினைத்து விளக்கு வைத்ததைவிட இது ஆபத்தான தப்பு. இந்த ஒரு கேள்வியைக் கேட்க இரண்டு நிமிடம் போதும். பதிலைச் சரிபார்க்க வீட்டிலிருந்து ஒருவர் கூட வந்திருந்தால் நல்லது, ஏனென்றால் அந்த நாட்களை நோயாளி 'நான் நன்றாக இருந்த காலம்' என்றே ஞாபகம் வைத்திருப்பார்.

பிறகு இன்னொரு கேள்வி: செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? நேரடியாகத்தான் கேட்பார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவர்களில் பலர் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்.

கையில் ஒரு தாளும் கொடுப்பார்கள். பி.எச்.க்யூ-9 என்று பெயர், ஒன்பது கேள்விகள், வங்காளியிலும் தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் ஈடுபாடு குறைந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, கவனம் நிற்கிறதா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. 10ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய நிலை, 20ஐத் தொட்டால் கடுமை. இந்த எண்ணைப் பலர் நோயின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மாவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாத்திரத்தில் போட்ட கோடு அது. ஏன் ஏறவில்லை என்று கோடு சொல்லாது. அதன் மதிப்பு பிறகு தெரியும்: முதல் நாள் 19, நான்காவது வாரம் 15, எட்டாவது வாரம் 8 என்று வந்தால் சிகிச்சை நகர்கிறது. எட்டாவது வாரமும் 18 என்றால் மாமி திரும்ப முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மதிப்பீடு முதல் நாளோடு முடிந்துவிட்டால் மற்ற இரண்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலைதான்.

நம் பெண்ணுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வங்கியில் இங்கிலீஷ், காய்கறிக் கடையில் வங்காளி, பக்கத்து வீட்டில் இந்தி என்று எல்லாமே பேசுவார். ஆனால் "என்னமோ நெஞ்சை அடைக்கிறாப்பல இருக்கு, எதுக்கு இருக்கோம்னு தோணறது" என்பதை அந்த மூன்றில் எதில் சொல்வார்? சொன்னாலும் அதே எடையோடு விழுமா? வேலை நிமித்தம் இந்த ஊருக்கு வந்த எல்லோருக்கும் உள்ள பிரச்சினை இது. முடிந்தால் அம்மா மொழி தெரிந்த ஒருவரோடு ஒரு முறையாவது பேசிப் பார்ப்பது நல்லது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவி, எண் 14416, தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது, கொல்கத்தாவிலிருந்தும் கூப்பிடலாம்.

மருந்துக்கு வருவோம். நடுத்தர நிலையில் உள்ள மனச்சோர்வு என்று முடிவானால் டாக்டர் எழுதுவது பெரும்பாலும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை. சிறிய அளவில் ஆரம்பிப்பார். நரம்பு முனையில் செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதை மாத்திரை முதல் நாளே, சில மணி நேரத்திலேயே, தடுக்கிறது. ஆனால் மனம் லேசாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. ஏன் இந்தத் தாமதம்? இதற்குத்தான் அவன் விளக்கு. விளக்கைப் போட்ட உடனே அவனுக்குள் கதகதப்பு வந்துவிடும். மாவு ஏற இரவு முழுக்க வேண்டும். மூளைச் செல்கள் மாறிய சூழலுக்குத் தங்கள் ஏற்பிகளைச் சரிசெய்துகொண்டு, புது இணைப்புகள் போட்டு, மெதுவாக ஒழுங்குக்கு வருகின்றன. 'செரட்டோனின் குறைஞ்சுபோச்சு, மாத்திரை நிரப்புது' என்று சொல்லிப் புரியவைப்பது எளிது, டாக்டர்களே சொன்னதுண்டு. விஷயம் அத்தனை எளிது இல்லை என்பதே இன்றைய நிலைமை.

மாவோடு பொருந்தாத ஒரு தொல்லையும் இருக்கிறது. பலன் வருவதற்கு முன்பே பக்கவிளைவு வந்துவிடும். முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, லேசான பதற்றம், சிலருக்குத் தூக்கம் கெடுவது. இது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி ஐந்தாம் நாள் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார், 'மனநல மாத்திரை எனக்கு ஒத்துக்கலை' என்ற முடிவோடு. இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இனி சோடா உப்பு. அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்ற மாத்திரைகள் அரை மணி, ஒரு மணி நேரத்தில் படபடப்பை அடக்கும், தூக்கம் தரும். இட்லியும் உப்பும். ஆனால் மாவு புளித்திருக்காது. முதல் இரண்டு, மூன்று வாரத்துக்கு, எஸ்.எஸ்.ஆர்.ஐ. பிடிக்கும்வரை, குறைந்த அளவில் டாக்டர்கள் சேர்த்துக் கொடுப்பதில் தப்பில்லை. வருஷக்கணக்கில் ஓடினால் உடம்பு அதற்குப் பழகி, நிறுத்தினால் முன்பைவிட மோசமான பதற்றத்தைக் காட்டும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஆனாலும் மூன்று வருஷம் பழைய சீட்டைக் காட்டி வாங்குகிறவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். நல்ல தூக்கம் வருகிறது என்று பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பாதி உடைத்துக் கொடுக்கும் தாராளமும் நம்மிடம் உண்டு.

இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் வேறு ரகம். அதற்கு ரத்தத்தில் அளவு பார்த்தே ஆகவேண்டும். குறைந்தால் பயனில்லை, கொஞ்சம் கூடினால் நஞ்சு. சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது சோதிப்பார்கள். கொல்கத்தாவின் ஏப்ரல், மே வியர்வையில் உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும்; தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வதற்குக் காரணம் அது. துர்கா பூஜைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரவெல்லாம் பந்தல் பந்தலாகச் சுற்றிவிட்டு நான்கு நாள் தூங்காமல் இருப்பது மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே அடுத்த எழுச்சியைக் கிளப்பிவிடலாம். பூஜை விடுமுறையில் அவுட்டோரும் சில நாள் மூடியிருக்கலாம். அதற்கு முன்பே மாத்திரைகளை எண்ணிப் பார்த்து வாங்கி வைக்காதவர்கள் தசமி அன்று தவிப்பார்கள்.

மூன்றாவது வேலை, பேச்சு. கிரீந்திரசேகர் போஸ் தன் நோயாளிகளைக் கட்டிலில் படுக்கவைக்காமல் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார் என்பார்கள். அவருடைய கொள்கை, ஒவ்வொரு ஆசைக்கும் அடியில் அதற்கு எதிரான ஆசை ஒன்று கிடக்கிறது என்பது. அடித்தவனாகவும் அடி வாங்கியவனாகவும் மாறி மாறிக் கற்பனை செய்யச் சொல்லி அந்த எதிர் ஆசையை மேலே கொண்டுவருவார். பிராய்டு இதை முழுக்க ஏற்கவில்லை, போஸும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ரக உளப்பகுப்பாய்வு பல வருஷம் நீளும். அவுட்டோரில் இன்று அதிகம் நடப்பது வேறு ஒன்று. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சி.பி.டி. அறுபதுகளில் அதை உருவாக்கிய அமெரிக்கர் ஆரன் பெக், உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றுவிட்டு அதில் நம்பிக்கை இழந்தவர். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள், வாரம் ஒன்று, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்.

என்ன நடக்கும் அங்கே? அழுது தீர்க்கிற இடம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு வீட்டுப்பாடம் கிடைக்கும். நம் பெண் சோர்வு வந்தபின் சாயங்கால நடையை விட்டார். நடை போனதும் அங்கே பார்க்கும் தோழிகள் போனார்கள். தோழிகள் போனதும் 'என்னை யாருக்கும் வேண்டாம்' என்ற நினைப்புக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அந்த நினைப்பு வந்தபின் போனை எடுப்பதும் நின்றது. இந்தச் சுழலைத் தாளில் வரைந்து காட்டி, உளவியலாளர் அதில் ஒரே இடத்தில் கைவைப்பார். இந்த வாரம் மூன்று நாள், தினம் பத்து நிமிடம், ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடக்க வேண்டும். உற்சாகம் வந்தபிறகு நடப்போம் என்று காத்திருக்கக் கூடாது. நடந்து வந்து மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். அடுத்த வாரம், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றிய தருணத்தை எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று இரண்டு பத்தியாகப் பிரிக்க வேண்டும். கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடித்துவிடும்.

அரிசிக்கு எத்தனை உளுந்து, எத்தனை தண்ணீர், எந்தப் பதம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்கு மாமியைத் தேட வேண்டாம். பேச்சு சிகிச்சை தரும் லாபம் அதுதான். முடிந்த பிறகும் கூடவே இருக்கிறது. நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. மாத்திரையின் பலன் அதை நிறுத்திய பிறகு அப்படித் தங்குவதில்லை. அப்படியானால் மாத்திரை எதற்கு? காலையில் படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் ஏரிக்கரை வீட்டுப்பாடம் கொடுத்தால் அதைச் செய்ய முடியாமல்போவதே இன்னொரு தோல்வியாகச் சேரும். மாத்திரை அந்த எழுந்திருக்கும் தெம்பைத் தருகிறது. தெம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அமர்வு சொல்லித் தருகிறது. நடுத்தரம், கடுமை என்ற நிலைகளில் இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நல்ல பலன் என்று பல ஆய்வுகள் காட்டுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு மட்டுமே போதும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு இரண்டுக்கும் மருந்து இல்லாமல் பேச்சு மட்டும் போதாது.

எல்லாவற்றுக்கும் எம்.பில். படித்த உளவியலாளர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வு நோயாளிகளுக்கு, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டு அமர்வு நடத்தச் சொன்னார்கள் விக்ரம் படேல் குழுவினர். நடக்கச் சொல்லும் அதே ரகச் சிகிச்சை. 2017இல் வந்த முடிவு, அது பலன் தருகிறது என்றது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு, மேற்கு வங்கம் உட்பட 12 மாநிலங்களில் கணக்கெடுத்தார்கள். வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. மூன்று வேலையையும் ஒழுங்காகச் செய்ய ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கிறது? மாத்திரைச் சீட்டு மட்டும் மிஞ்சுகிறது. ஐந்து நிமிடத்தில் எழுத முடிவது அது ஒன்றுதான்.

மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒன்றோடொன்று பேசாமல் இருக்கலாம். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டியது உளவியலாளருக்குத் தெரியாது. நோயாளி நான்காவது அமர்வில் கணவரின் குடியைப் பற்றி முதல்முறையாகச் சொன்னது டாக்டருக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் மாத்திரையைக் கூட்டியிருக்கவே மாட்டார். ரகசியம் காப்பதும் தகவல் பகிர்வதும் மோதுகிற இடம் இது. நல்ல கிளினிக்கில் நோயாளியைக் கேட்டுவிட்டு, எதைப் பகிரலாம் எதைக் கூடாது என்று குறித்துக்கொள்வார்கள். தனித்தனி இடங்களில் பார்ப்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம்: தேதி, மாத்திரை, அளவு, பக்கவிளைவு, பி.எச்.க்யூ எண், இந்த வார வீட்டுப்பாடம். இரண்டு பேரிடமும் அதையே நீட்டலாம்.

அவுட்டோர் போதாத நேரமும் உண்டு. உயிருக்கு ஆபத்து, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் அசையாமல் கிடப்பது, நிஜம் எது பிரமை எது என்று தெரியாமல் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலை, இவற்றுக்குச் சேர்க்கைதான் வழி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கு வரையறைகள் வைத்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. வாரா வாரம் அமர்வுக்குப் போகும் அவுட்டோர் நோயாளி சொந்தக் காசைத்தான் எடுக்க வேண்டும்.

நம் பெண்ணுக்கு எட்டாவது வாரம் தூக்கம் திரும்பிவிட்டது. பன்னிரண்டாவது வாரம் அலுவலகத்தில் தப்பு குறைந்துவிட்டது. 'சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?' என்று மாமியார் கேட்பார். முதல்முறை வந்த மனச்சோர்வு என்றால், நன்றாகிவிட்ட நாளிலிருந்து எண்ணி ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவைத் தொடரச் சொல்வது வழக்கம். இரண்டு, மூன்று முறை வந்திருந்தால் இன்னும் அதிக காலம். நிறுத்துவதும் திடீரென்று கூடாது; வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைப்பார்கள். சட்டென்று விட்டவர்களுக்குத் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற சிலிர்ப்பு வரலாம். அதை நோய் திரும்பிவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொண்டு மறுபடி மாத்திரைக்கு ஓடுவார்கள். போதைப் பொருளைப் போன்ற ஏக்கம் இதில் வருவதில்லை. உடம்பு பழகிய ஒன்று திடீரென்று போனதன் எதிர்வினை.

அளவைக் குறைக்கத் தொடங்கும் சமயத்தில் உளவியலாளரோடு உட்கார்ந்து நம் பெண் ஒரு தாளும் எழுதிக்கொள்வார். எனக்கு முதலில் கெடுவது எது? அவருக்கு அது போன். இரண்டு நாள் தொடர்ந்து யார் கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் முதல் அடையாளம். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் இரண்டாவது. அப்போது என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மாத்திரை எந்த அளவில் வேலை செய்தது, அவுட்டோர் சீட்டு எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். ஒரு பிரதி வீட்டு அலமாரியில், இன்னொன்று சென்னையில் இருக்கும் அக்காவிடம். தான் கெட்டுப்போவது தனக்குத் தெரிவதற்கு முன்பே போனில் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று அவரே சொல்லி எழுதச் சொன்ன வரி அது.